டிவியை அணைத்ததும் நின்றுபோன பிங்

2023 அக்டோபர் கடைசியில் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. பெரம்பூர் வீட்டை விட்டு ஒன்றரை மாதம் நகர முடியாத நிலை. நான் வேலை பார்ப்பது தி.நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில். கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேரின் டேட்டா முழுக்க என் மேஜைக் கம்ப்யூட்டரில்தான். மாதா மாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னைப் போட்டாக வேண்டும்.

வீட்டிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்க முதலில் செய்தது தப்பு. தூரத்துக் கம்ப்யூட்டரின் திரையை நம் திரையில் காட்டும் ரிமோட் டெஸ்க்டாப்புக்காக, ஆபீஸ் ரவுட்டரில் 3389 போர்ட்டை (அதற்கான வாசலை) திறந்து நேராக இன்டர்நெட்டுக்கு விட்டேன். உடனே கனெக்ட் ஆனது. இரண்டு நாள் கழித்து விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 4625, 4625 என்று பக்கம் பக்கமாக. தோற்றுப்போன லாகின் முயற்சிக்கான எண் அது. யாரோ ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற பெயரில் பாஸ்வேர்டு போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அத்தனையும் அடுத்தவர் கணக்கு வழக்கு! அன்றே மூடிவிட்டேன். தயவுசெய்து யாரும் இப்படித் திறந்து வைக்காதீர்கள்.

தங்கை அம்மாவுடன் இருந்த ஒரு காலையில் ஆபீஸுக்குப் போய் ரவுட்டரிலேயே ஓபன்விபிஎன் போட்டேன். வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போக ஒரு பாதுகாப்பான தனிப்பாதை (விபிஎன்) போடும் சாஃப்ட்வேர் அது. வீட்டுக்கு வந்தால் விபிஎன் கனெக்ட் ஆகிறது, ஆனால் ரிமோட் டெஸ்க்டாப் வரவே இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் எண் 192.168.1.10. அந்த எண்ணில் ஆள் இருக்கிறதா என்று கேட்கும் பிங் அடித்தால் பதில் மட்டும் ஒழுங்காக வருகிறது. வெளித் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலையே மூன்று நாள் சந்தேகப்பட்டேன். ஒரு ராத்திரி அம்மா தூங்கப் போகுமுன் டிவி சுவிட்சை அணைக்கச் சொன்னார். அணைத்தேன், பிங் நின்றது. போட்டேன், கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது. இத்தனை நாளும் அந்த எண்ணில் பதில் சொன்னது எங்கள் வீட்டு டிவி!

வீட்டு ரவுட்டரும் ஆபீஸ் ரவுட்டரும் 192.168.1 வரிசையைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தன. 192.168 என்று தொடங்குபவை யார் வேண்டுமானாலும் உள்ளுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியவை. 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இன்டர்நெட் விதி ஆவணம் அப்படித்தான் சொல்கிறது. நம் ஊரில் ஏரியாவுக்கு ஏரியா ஒரு காந்தி தெரு இருப்பது மாதிரி. ‘காந்தி தெரு, 10ஆம் நம்பர்’ என்றால் ஆட்டோக்காரர் பக்கத்துத் தெருவுக்குத்தானே போவார்? என் லேப்டாப்பும் அந்த எண்ணை வீட்டுக்குள்ளேயே தேடியது, விபிஎன் பக்கம் அனுப்பவே இல்லை.

ஆபீஸில் பிரிண்டர் முதல் எல்லாவற்றுக்கும் நிலையான எண். அங்கே கை வைக்க மனமில்லை. வீட்டு ரவுட்டரை 192.168.57 என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்தேன். அடுத்த நிமிஷம் ஆபீஸ் கம்ப்யூட்டரின் திரை என் முன்னால். நவம்பர் ரிட்டர்ன் எல்லாம் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே போட்டேன்.

டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்த பிறகும் ஆபீஸ் கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை. அங்கே கரண்ட் போய் வந்ததில் அணைந்தது அணைந்தபடியே கிடந்திருக்கிறது. தண்ணீர் வடிந்ததும் வாட்ச்மேன் அண்ணன் மாடியேறிப் போய் பட்டனை அழுத்திக் கொடுத்தார். கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டப்பில்) ஒரு செட்டிங் உண்டு. ஆபீஸுக்குத் திரும்பிய முதல் நாளே அதைப் போட்டுவிட்டேன்.