விளம்பரத்தை நிறுத்தினால் அழைப்பும் நிற்கிறது: கூகுள் ஆட்ஸா, எஸ்இஓவா?

வெள்ளவத்தை தையல்:
வணக்கம் அண்ணாமார், அக்காமார். அம்மாவின் தையல் கடை வெள்ளவத்தையில், காலி வீதிக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறது. சாறி பிளவுஸ், மணப்பெண் பிளவுஸ்தான் பிரதான வேலை. வேர்ட்பிரஸில் (தளம் கட்டும் மென்பொருள்) தளம் செய்து ஐந்து மாதம். கூகுள் ஆட்ஸில் நாளுக்கு 1,500 ரூபாப்படி 19 நாள் ஓட்டினோம். 28,500 ரூபா முடிந்தது. 412 கிளிக், 9 அழைப்பு, 3 ஓடர். நிறுத்திய அன்றே அழைப்பும் நின்றுவிட்டது. கடைப்பெயரை அப்படியே தேடினாலும் தளம் வருவதில்லை. காசு கட்டி விளம்பரம் செய்தால் சும்மா தேடும்போதும் மேலே வரும் என்றுதான் நினைத்தோம். இப்போது எஸ்இஓ (விளம்பரக் காசு இல்லாமல் தேடலில் மேலே வரத் தளத்தைச் சீராக்கும் வேலை) செய்கிற ஒருவர் மாதம் 45,000 ரூபாவுக்கு முதலிடம் உறுதி என்கிறார். கொடுக்கலாமா? இன்னொன்று, ஒரு நாள் மட்டும் 2,640 ரூபா வெட்டியிருக்கிறது. பிழையா?

தெஹிவளை வெப்:
கொடுக்க வேண்டாம் தம்பி. முதலிடத்துக்கு உறுதி தர யாராலும் முடியாது, கூகுளே அதைத் தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்துக்குக் கட்டும் காசு சாதாரண தேடல் வரிசையை ஒரு படிகூட ஏற்றாது. இரண்டும் வேறு வேறு.

சொந்தப் பெயருக்கே வரவில்லை என்றால் அது போட்டியில் தோற்றது அல்ல, தளம் கூகுளின் பட்டியலிலேயே இல்லாமல் இருக்கலாம். சேர்ச் கொன்சோலை (தளம் கூகுள் தேடலில் எப்படி இருக்குது என்று காட்டும் கூகுளின் கருவி) திறந்து, முகப்புப் பக்கத்தின் முகவரியை அதிலுள்ள யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் போட்டுப் பாருங்கோ. என்ன சொல்லுது?

வெள்ளவத்தை தையல்:
‘எக்ஸ்குளூடட் பை நோஇண்டெக்ஸ் டேக்’ என்று வருகிறது அண்ணா. ஆனால் விளம்பரம் ஒழுங்காக ஓடியதே?

தெஹிவளை வெப்:
ஓடும். நோஇண்டெக்ஸ் என்றால் இந்தப் பக்கத்தைத் தேடல் பட்டியலில் சேர்க்காதே என்ற குறிப்பு, அது விளம்பரத்தைத் தடுக்காது. அதனால்தான் ஐந்து மாதமாக ஒருவரும் கவனிக்கவில்லை. வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், அதற்குள் ரீடிங். அடியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்கிற சின்னப் பெட்டி இருக்கும். தளம் கட்டும்போது அதில் சரி அடையாளம் போட்டவர்கள் எடுக்க மறந்திருப்பார்கள். அதை எடுத்துச் சேமியுங்கோ. கேஷ் பிளகின் (பக்கத்தின் பிரதியைச் சேமித்து வைத்துக் காட்டுகிற துணை மென்பொருள்) இருந்தால் அதிலுள்ள பிரதிகளையும் துடையுங்கோ, இல்லாவிட்டால் பழைய பக்கமே போய்க்கொண்டிருக்கும். பிறகு சேர்ச் கொன்சோலில் ‘ரிக்குவெஸ்ட் இண்டெக்ஸிங்’ (பட்டியலில் சேர்க்கக் கேட்பது) கொடுத்து, சைட்மேப்பையும் (தளத்தின் பக்கங்களின் பட்டியல்) சமர்ப்பியுங்கோ. சில நாளிலும் வரலாம், சில வாரமும் எடுக்கலாம்.

கணக்காளர் கண்:
2,640 பிழை இல்லை. ஒரு நாளில், நீங்கள் வைத்த நாள் தொகையின் இரண்டு மடங்கு வரை, அதாவது உங்களுக்கு 3,000 வரை, எடுக்க கூகுளுக்கு இடமுண்டு. மாதத்தில் 30.4 மடங்கை, 45,600 ரூபாவை, தாண்டாது.

நான் கவலைப்படுவது வேறு கணக்குக்கு. ஒரு கிளிக் ஏறத்தாழ 69 ரூபா. ஒரு ஓடரைப் பிடிக்க 9,500 ரூபா. சாதாரண பிளவுஸ் தைத்து இதை எடுக்க முடியாது. காசு எங்கே ஒழுகியது என்று பார்க்க இரண்டு அறிக்கை போதும்: ‘சேர்ச் டேர்ம்ஸ்’ (ஆட்கள் உண்மையில் தேடிய சொற்கள்), மற்றது கிளிக் வந்த இடங்கள். இரண்டிலும் இருப்பதை இங்கே போடுங்கள்.

வெள்ளவத்தை தையல்:
தேடல்கள்: பிளவுஸ் டிசைன் இமேஜஸ், ஆரி வேர்க் கிளாஸ் கொழும்பு, ரெடிமேட் பிளவுஸ் ஒன்லைன், தையல் வேலை வெற்றிடம், பிளவுஸ் தைக்கும் இடம் வெள்ளவத்தை. இடங்களில் டொரொண்டோ, லண்டன் எல்லாம் இருக்கிறது. நாங்கள் கொழும்பு மட்டும்தானே போட்டோம்!

கணக்காளர் கண்:
இடத் தெரிவின் கீழ் ‘லொகேஷன் ஒப்ஷன்ஸ்’ மடிந்து கிடக்கும், அதை விரியுங்கள். இயல்பாக ‘பிரசென்ஸ் ஓர் இன்ட்ரஸ்ட்’ தெரிவாகியிருக்கும். கொழும்பில் இருப்பவர் மட்டுமல்ல, கொழும்பில் ஆர்வம் காட்டுபவரும் அதில் அடக்கம். டொரொண்டோவில் இருந்து வெள்ளவத்தைக் கடை தேடுபவருக்கும் உங்கள் காசில் விளம்பரம் போகும். ‘பிரசென்ஸ்’ மட்டும் என்று மாற்றுங்கள். சேர்ச் பார்ட்னர்ஸ் (கூகுளோடு சேர்ந்த பிற தேடல் தளங்கள்), டிஸ்பிளே நெட்வேர்க் (விளம்பரம் காட்டும் பிற தளங்கள்) இரண்டிலும் உள்ள சரியையும் எடுத்துவிடுங்கள்.

நீங்கள் விளம்பரத்துக்குக் கொடுத்த சொற்கள் புரோட் மேட்ச்சில் (தொடர்புள்ள எந்தத் தேடலுக்கும் காட்டும் முறை) இருக்கின்றன, பட்டியலே காட்டுகிறது. மேற்கோள் குறிக்குள் போட்டு ஃபிரேஸ் மேட்ச் (அந்தச் சொற்றொடரின் பொருள் உள்ள தேடலுக்கு மட்டும்) ஆக்குங்கள். கிளாஸ், வெற்றிடம், ரெடிமேட் ஆகியவற்றை நெகட்டிவில் (விளம்பரம் காட்ட வேண்டாத சொற்கள்) சேர்க்கவும். நெகட்டிவ் சொல் தன் ஒத்த சொற்களைத் தானாகத் தடுக்காது. ‘கிளாஸ்’ போட்டாலும் ‘கோர்ஸ்’ வரும், அதைத் தனியே போட வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கில எழுத்து மூன்றிலும் போடுங்கள். ‘டிசைன்’ என்று தனியே மட்டும் போட வேண்டாம்: மணப்பெண் பிளவுஸ் டிசைன் பண்ணித் தைத்துத் தருபவரைத் தேடுகிறவரும் அதோடு போய்விடுவார். ‘டிசைன் இமேஜஸ்’ என்று இரு சொல்லாகப் போடுங்கள்.

விளம்பர இடத்துக்கான ஏல முறையை ‘மேக்ஸிமைஸ் கிளிக்ஸ்’ (கூடிய கிளிக் தேடும் முறை) ஆக்கி, ஒரு கிளிக்குக்கு உச்ச வரம்பும் வையுங்கள். தளத்தின் அழைப்புப் பொத்தானையும் வட்ஸ்அப் பொத்தானையும் தட்டுவதை எண்ணும்படி கொன்வேர்ஷன் (விளம்பரத்தால் கிடைத்த பயனுள்ள செயலின் கணக்கு) அமைக்காமல் ‘மேக்ஸிமைஸ் கொன்வேர்ஷன்ஸ்’ பக்கம் போகாதீர்கள், அதற்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

தெஹிவளை வெப்:
அந்தப் பட்டியலின் கடைசி வரியைப் பாருங்கோ தம்பி. ‘பிளவுஸ் தைக்கும் இடம் வெள்ளவத்தை.’ உங்கட ஆட்கள் தேடுற சொல் அதுதான், 28,500 ரூபா கொடுத்து வாங்கிய சொல். இப்ப முகப்பின் தலைப்பு என்ன?

வெள்ளவத்தை தையல்:
‘ஹோம்’ என்று மட்டும் இருக்கிறது. விலைப்பட்டியல் படமாகப் போட்டிருக்கிறோம்.

தெஹிவளை வெப்:
தலைப்பில் வேலை, இடம், கடைப்பெயர் மூன்றும் வரட்டும். மணப்பெண் பிளவுஸுக்குத் தனிப் பக்கம் வையுங்கோ, விளம்பரமும் முகப்புக்குப் போகாமல் நேரே அதற்கே போகட்டும். விலைப்பட்டியலைப் படமாக விடாமல் எழுத்தாக அடியுங்கோ. லைனிங் உண்டா, இல்லையா, எத்தனை நாள், அளவு பிளவுஸ் கொண்டுவர வேணுமா: ஆட்கள் கேட்கிறது இதுதான், பக்கத்தில் இருக்க வேண்டியதும் இதுதான்.

கொட்டாஞ்சேனை மேப்:
ஒழுங்கைக் கடைக்கு இதையெல்லாம்விட முன்னுக்குச் செய்ய வேண்டியது கூகுள் பிஸ்னஸ் புரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் வரும் கடை விபரப் பக்கம். காசு இல்லை. பொருத்தம், தூரம், பெயர்பெற்ற அளவு ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் வரைபடத்தில் காட்டுவார்கள். ஆகவே நீர்கொழும்பில் இருந்து தேடுபவருக்கு வரவில்லையே என்று மனம் உடைய வேண்டாம். பெயர்ப்பலகையில் உள்ளதையே பெயராகப் போடுங்கள். ‘பெஸ்ட் பிளவுஸ் வெள்ளவத்தை’ என்று ஒட்டினால் முடக்கவும் கூடும். பிரதான வகை தையல்காரர். விமர்சனம் எழுதினால் கழிவு தருகிறேன் என்று சொல்லக் கூடாது, அது விதிமீறல். பிளவுஸைக் கொடுக்கும்போது இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பிக் கேளுங்கள், அது போதும்.

வெள்ளவத்தை தையல்:
பெட்டியில் இருந்த சரியை எடுத்தாயிற்று, இடத்தையும் மாற்றியாயிற்று. தளம் ஏறும்வரை விளம்பரத்தை நிறுத்தி வைக்கவா?

கணக்காளர் கண்:
வேண்டாம். இரண்டே இரண்டு சொல்லுக்கு மட்டும், நாளுக்கு 500 ரூபாப்படி ஓட்டுங்கள். ஒவ்வொரு திங்களும் சேர்ச் டேர்ம்ஸைப் பார்த்து நெகட்டிவ் சேருங்கள். ஒரு சொல்லுக்குத் தளம் தானாக மேலே வந்து அழைப்பும் வரத் தொடங்கினால், அந்தச் சொல்லுக்கான விளம்பரத்தை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். அழைப்பு குறையாவிட்டால் அந்தக் காசை மணப்பெண் பிளவுஸ் பக்கத்துக்கு மாற்றலாம்.