மழையில் சிக்கிய பியானோ கட்டைகள்

*ஞாயிறு*

நான்: பெரியப்பா, பியானோவில் நடுக் கட்டைகள் நான்கு சிக்குகின்றன. அழுத்தினால் கீழேயே நிற்கிறது, ஒன்று இரண்டு எண்ணிய பிறகுதான் மேலே வருகிறது. ஒரு வாரமாக விடாத மழை.

அக்கா: இடுக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாரேன்.

பெரியப்பா: எண்ணெய் வேண்டவே வேண்டாம்மா! ஸ்ப்ரேயும் கூடாது. கட்டைக்குள் ஊசி நுழையும் துளைகளில் ஃபெல்ட், அதாவது தடித்த கம்பளித் துணி, ஒட்டியிருக்கும். அது ஈரம் குடித்து ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எண்ணெய் பட்டால் இன்னும் ஊறும், நாளாக ஆக பிசுக்காகிவிடும்.

பெரியப்பா: மேல்மூடியைத் திறந்து, அந்தக் கட்டைக்குரிய சுத்தியலை விரலால் தள்ளிப் பார். சட்டென்று திரும்புகிறதா?

நான்: திரும்புகிறது. கட்டைதான் இறுக்கம்.

பெரியப்பா: அப்பாடா. அறை காய்ந்தால் பெரும்பாலும் தானே சரியாகும். ஆகாவிட்டால் சுதி சேர்க்கும் ட்யூனர் அந்த ஃபெல்ட்டை இடுக்கியால் அழுத்தித் தளர்த்துவார். சின்ன வேலைதான்.

நான்: சுதியும் ஏறிவிட்டது. நடு A சுரத்தை 440 ஹெர்ட்ஸில் வைத்தது, சுதி பார்க்கும் ஆப்பில் 443 காட்டுகிறது. போன மாதம்தான் சேர்த்தோம்!

பெரியப்பா: ட்யூனர் மேல் தப்பில்லை. கம்பிகளுக்குப் பின்னால் இருக்கும் பெரிய பலகைதான் சவுண்ட்போர்டு. ஸ்ப்ரூஸ் மரம், ஒரு சென்டிமீட்டர் தடிமன்கூட இருக்காது. ஈரம் ஏறினால் உப்பி, கம்பிகளை முன்னால் தள்ளும். கம்பி இறுகும், சுதி ஏறும். காய்ந்தால் இறங்கும். 200-க்கு மேல் கம்பிகள், மொத்த இழுப்பு 15 டன்னுக்கும் அதிகம். அந்த இழுப்பைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம்; கம்பிகள் பலகையை அழுத்துவது அதில் ஒரு சிறு பங்குதான்.

அத்தை: ஏசி போட்டு வைத்தால் போதாதா அண்ணா?

நான்: ராத்திரி போடுகிறோம் அத்தை. காலையில் நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறப்போம்.

பெரியப்பா: அதுதான் கெடுக்கிறது. ராத்திரி முழுக்க காய்கிறது, காலையில் மழைக்காற்று உள்ளே வருகிறது, மரம் தினமும் சுருங்கி விரிகிறது. குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்தால் மேலே வியர்க்குமே, குளிர்ந்து கிடக்கும் கம்பியும் அப்படித்தான் வியர்க்கும்.

அக்கா: எங்கள் பழைய பியானோ அப்படித்தான் போனது. மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டிப் போட்டிருந்தோம். கம்பி சுற்றியிருக்கும் ட்யூனிங் ஆணியைத் தொட்டால் விரலில் செம்பழுப்புத் தூள் ஒட்டும். கடைசியாகச் சுதி சேர்த்தபோது இரண்டு கம்பி அறுந்தது. இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அத்தை: சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால்?

பெரியப்பா: அவ்வளவு பெரிய பெட்டிக்கு அது எந்த மூலைக்கு? சீக்கிரமே ஊறிப்போய்ச் சும்மா கிடக்கும். முதலில் ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி பியானோ பக்கத்தில் வை. 45-லிருந்து 60 சதவீதம் வரை இருந்தால் நல்லது. ஆனால் எனக்கு அதைவிட முக்கியம் எண் ஆடாமல் இருப்பது. இன்று 50, நாளை 80 என்று ஆடுவதைவிட, எப்போதும் 62-இல் நிற்பது மேல்.

நான்: 60-க்குள் எப்படிக் கொண்டுவருவது?

பெரியப்பா: கதவு ஜன்னலை மூடிவிட்டு அறையில் டீஹியூமிடிஃபையர், அதாவது காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவி, ஓட விடு. தொட்டி நிறைந்தால் நின்றுவிடும், தண்ணீரைக் கொட்ட மறக்காதே. அது முடியாதென்றால் பியானோவுக்குள்ளேயே பொருத்தும் ஹீட்டர் கம்பி இருக்கிறது. அதைக் கட்டாயம் ஈரப்பதம் பார்த்துத் தானே அணையும் கருவியோடு பொருத்தச் சொல். நீயே மாட்டாதே. அப்புறம், பியானோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை.

நான்: ட்யூனரை நாளைக்கே கூப்பிடட்டுமா?

பெரியப்பா: அவசரப்படாதேம்மா. இப்போது சுதியை இறக்கிவைத்தால் காய்ந்ததும் 440-க்கும் கீழே போய்விடும். ஈரப்பத எண் இரண்டு மூன்று வாரம் நிலையாக நிற்கட்டும்.

*வியாழன்*

நான்: பெரியப்பா, ஈரப்பத மீட்டரில் ஞாயிறு மாலை 81, இன்று காலை 63. மூன்று கட்டைகள் எழுந்துவிட்டன! ஒன்று மட்டும் இன்னும் சோம்பல்.

பெரியப்பா: கேட்கவே சந்தோஷம். எந்தக் கட்டை என்று பென்சிலால் பக்கவாட்டு மரத்தில் இல்லை, ஒரு தாளில் குறித்து வை. ட்யூனரிடம் காட்டலாம்.