எம்எஸ்: ‘வகை’ வேண்டாம், ‘போக்கு’ன்னு வைப்போம்

எல்லாருக்கும் வணக்கம்.

மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், அதாவது எம்எஸ், மூளை, தண்டுவடம், கண்நரம்பு இதையெல்லாம் பாதிக்கற நோய். அதுக்குத் தமிழ்ச் சொற்கள் முடிவு பண்ண ஐயா அனுப்பின அட்டவணையைப் பார்த்தேன். ஒரு பக்கம் நோயாளியோட பின்னணி, இன்னொரு பக்கம் சிகிச்சை எங்க நடக்குதுங்கறது, நடுவுல எம்எஸ் எந்த வகைங்கறது. ‘பின்னணி’ யாருக்கும் புரியும், அப்படியே இருக்கட்டும். ‘சிகிச்சைச் சூழல்’னு வச்சா பொது மருத்துவமனை, எம்எஸ்க்குன்னே இருக்கற சிறப்பு மையம், மறுவாழ்வு மையம், வீட்டுல வச்சுப் பாத்துக்கறது எல்லாமே அதுக்குள்ள அடங்கிடும். எனக்கு இடிக்கிறது அந்த நடு ‘வகை’தான்.

வகைன்னு சொன்னதும் படிக்கறவங்க அதை பிளட் குரூப் மாதிரி எடுத்துக்குவாங்க, ஒரு தடவ டெஸ்ட் பண்ணிட்டா கடைசி வரைக்கும் அதுதான்னு. இந்த நோய்ல அப்படிக் கிடையாது. 1996-ல லப்ளின், ரெயின்கோல்டுங்கற ஆய்வாளர்கள் நாலா பிரிச்சதே நோய் எப்படிப் போகுதுங்கறத வச்சுத்தான், 2013-ல திருத்தினப்ப அந்த நாலுல ஒண்ணைத் தூக்கிட்டாங்க, முதல் தாக்கு (அறிகுறிகள் புதுசா கிளம்பறது) மட்டுமே வந்தவங்களைப் பட்டியல்ல சேர்த்துக்கிட்டாங்க. கிட்டத்தட்ட 85 சதவீதம் பேருக்கு வந்து வந்து தணியறதாத்தான் ஆரம்பிக்குது, அதுல நிறைய பேருக்குப் பல வருஷம் கழிச்சு அது தொடர்ந்து மோசமாகறதா மாறிடுது, ஆனா மாறின அன்னிக்கு யாருக்கும் தெரியாது, பின்னாடி திரும்பிப் பாத்தாத்தான் தெரியும்.

அதனால யார் பாக்கறாங்க, எங்க பாக்கறாங்கங்கறது முக்கியமாகிடுது. ஒரு நாப்பத்தஞ்சு வயசு அம்மான்னு வச்சுக்கோங்க, பல வருஷமா எம்எஸ், கொஞ்ச காலமா புதுசா தாக்கு எதுவும் வரல, ஆனா முன்ன தெருக்கோடி வரைக்கும் நடந்தவங்க இப்ப பாதியிலயே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. கூட்டமா இருக்கற ஓபில “புதுசா ஏதாவது வந்துச்சாம்மா?”, “இல்லைங்க டாக்டர்”, அவ்வளவுதான், ஃபைல்ல வகையோட பழைய பேரே தொடரும். அவங்களே சிறப்பு மையத்துக்குப் போனா 25 அடி நடக்க வச்சு நேரம் பாப்பாங்க, உடம்பு எவ்வளவு முடங்கியிருக்குன்னு அளக்கற ஈடிஎஸ்எஸ் ஸ்கோர் போடுவாங்க, போன வருஷத்தோட ஒப்பிடுவாங்க, பேர் மாறிடும். ஆள் ஒண்ணு, பேர் ரெண்டு. இது போக, சில மருந்துகளுக்கு அனுமதி இருக்கறதே வந்து தணியற நிலைக்கு மட்டுந்தான், பேரை மாத்தினா மருந்து நின்னுடுமோன்னு டாக்டரே தயங்குவார், அதுல தப்பு சொல்ல முடியாது.

பின்னணியையும் சிகிச்சை நடக்கற இடத்தையும் பொறுத்து வகை மாறுதான்னு மேடம் கேட்ட கேள்விக்கும் இதுலயே பதில் இருக்கு. மறுவாழ்வு மையத்துலயும் வீட்டுப் பராமரிப்புலயும் தொடர்ந்து மோசமாகற வகை அதிகமா தெரியுதுன்னா அந்த இடம் அவங்களை அப்படி ஆக்கிடுச்சுன்னு அர்த்தமில்ல, வீல்சேர் தேவைப்படற கட்டத்துல இருக்கறவங்கதான் அங்க போறாங்க. வயசும் அப்படித்தான், மாறுறதுக்கே வருஷங்கள் ஆகுது, அப்ப அந்தக் கட்டத்துல வயசு கூடித்தானே இருக்கும். நிஜமாவே பின்னணியோட வேறுபாடுன்னு சொல்லலாம்னா, வந்து தணியறது ஆண்களை விடப் பெண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம், பெரும்பாலும் 20-லேர்ந்து 40-க்குள்ள வருது, ஆரம்பத்துலேர்ந்தே மோசமாகிட்டே போறது ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய சமம், தொடங்கற வயசும் சுமார் பத்து வருஷம் தள்ளி. சிகரெட் பிடிக்கறவங்களுக்கு அடுத்த கட்டம் சீக்கிரம் வருதுங்கறதும் பல ஆய்வுல வந்திருக்கு.

இதையெல்லாம் தாங்கற சொல்லு ‘போக்கு’தான்னு நினைக்கிறேன். வயித்துப்போக்கு ஞாபகம் வரும்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, ஆனா ‘நோய்ப்போக்கு’ன்னு சேர்த்து எழுதினா அந்தச் சிக்கல் இல்ல.

இனி உள்ள இருக்கற பேருங்க. தொடர்ந்து மோசமாகறதுக்கு ‘முற்போக்கு எம்எஸ்’னு ஒரு பரிந்துரை வந்திருக்கு, அதை தயவுசெஞ்சு விட்டுடலாம், படிக்கறவங்களுக்கு அரசியல்தான் ஞாபகம் வரும், உடம்பு மோசமாகறதுக்கு அது பொருந்தவே பொருந்தாது. ‘முற்றும்’னு போட்டாலும் கஷ்டம். “முத்திடுச்சு”ன்னா நம்ம ஆளுங்களுக்கு கடைசிக் கட்டம், இப்பதான் பேர் கேட்டவங்க கையில அப்படி ஒரு தாளைக் குடுக்கக் கூடாது. நான் சொல்றது ‘தொடர்நலிவு’. நலியறதும் வருது, நிக்காம போகுதுங்கறதும் வருது, பயமுறுத்தவும் இல்ல. ஆரம்பத்துலேர்ந்தே அப்படின்னா ‘நேரடித் தொடர்நலிவு’, தாக்குகள் இருந்து அப்புறம் மாறினா ‘பிந்தைய தொடர்நலிவு’. பின் தொடர்நலிவுன்னு சுருக்காதீங்க, பின்தொடர்னு படிச்சிடுவாங்க. இந்த ரெண்டையும் பிரிச்சுத்தான் ஆகணும், ஏன்னா நேரடித் தொடர்நலிவுக்குன்னு அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச முதல் மருந்தே 2017-லதான் வந்துச்சு, ஒக்ரெலிசுமாப், பேரை வச்சுத்தான் மருந்து முடிவாகுது.

வந்து தணியறதுக்கு ‘மறுதாக்கு-தணிவுப் போக்கு’. இங்க ‘குணமாதல்’னு யாரும் போட வேண்டாம்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன். குணம்னு படிச்சா மருந்தை நிறுத்திடுவாங்க, தணிஞ்ச நேரத்துல மருந்தைத் தொடர்றதுதான் அடுத்த தாக்கைக் குறைக்குது. ‘மறுதாக்கு’ங்கறதுக்கு விளக்கமும் கூடவே போகணும்: காய்ச்சலோ தொற்றோ இல்லாம, குறைஞ்சது 24 மணி நேரம் இருக்கற புது அறிகுறி, இல்லேன்னா பழைய அறிகுறி மோசமாகறது. வெயில்லயோ சுடுதண்ணி குளியல்லயோ பார்வை கொஞ்ச நேரம் மங்கிட்டு திரும்பி வந்தா அது இதுல சேராது. முதல் தாக்கு மட்டும் வந்தவங்களுக்கு ‘தனித்த முதல் தாக்கு’, இதுல யாருக்கும் ஆட்சேபணை இருக்காதுன்னு நம்பறேன்.

எம்எஸ்க்குத் தமிழ்ல புழங்கற ‘தண்டுவட மரப்பு’ங்கற பேரை இந்தத் தடவை தொட வேண்டாம். மூளையும் கண்நரம்பும் அதுல விட்டுப்போகுது, உண்மைதான், ஆனா அதுக்குத் தனி இழையே வேணும், அட்டவணைக்கு ‘எம்எஸ்’ போதும்.

இன்னும் ஒண்ணு பாக்கி. 2013 திருத்தத்துல ஒவ்வொரு போக்குக்கும் பக்கத்துல, புதுத் தாக்கோ எம்ஆர்ஐல புதுத் தழும்போ இருக்கா இல்லையான்னு குறிக்கச் சொல்றாங்க. அதுக்கு ‘செயல்பாடு’ன்னா நோயாளியோட செயல்பாடுன்னு குழம்பும், ‘தீவிரம்’னா எவ்வளவு கடுமைங்கறதோட குழம்பும். ‘கிளர்வு’ன்னு வைக்கலாமா, கிளர்வுள்ள, கிளர்வற்றன்னு? நரம்பியல் பக்கம் வேலை பாக்கறவங்க யாராவது இதை நோயாளிகிட்ட ஒரு தடவ சொல்லிப் பாத்துட்டு எப்படிப் புரிஞ்சுக்கறாங்கன்னு எழுதுங்க, அதுக்கப்புறம் அட்டவணைல ஏத்திக்கலாம்.