அட்டையில் கேம் படம் இருந்தால் அது நாவல் இல்லையா?

சுரங்கப்பாதை

போன வாரம் வேறொரு இழையில், பழைய அலமாரி என்ற பெயரில் எழுதுகிறவர் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். “பெரிய பதிப்பகத்தின் துணையில்லாமல் மாயப்புனைவு எழுதுகிறவன் கேம், ஓவியம் என்று விளம்பரத்துக்குப் பின்னால் ஓடினால், கடைசியில் அவன் புத்தகம் கேமுக்கு வால் ஆகிவிடும். விட்சருக்கு அதுதான் நடந்தது.” விட்சர் என்பது போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கியின் மாயப்புனைவு (ஃபேன்டசி) வரிசை, பிறகு வீடியோ கேமாகவும் வந்தது. நான்கு நாளாக அந்த வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் தனி இழை.

ரஷ்ய எழுத்தாளர் திமித்ரி குளுகோவ்ஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ 2033 நாவலைப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. 2002-ல் முழு நாவலையும் இணையத்தில் இலவசமாகப் போட்டார். நாயகன் செத்துப்போகிற முடிவைப் படித்தவர்கள் ஏற்கவில்லை, மேலே எழுதச் சொன்னார்கள், எழுதினார். அச்சுக்கு வந்தது 2005-ல். உக்ரைனின் 4ஏ கேம்ஸ் நிறுவனம் அதை வைத்துச் செய்த கேம் வந்தது 2010-ல். அடுத்த நாவலையும் இணையத்தில்தான் தொடராகப் போட்டார், ஓவியமும் இசையும் சேர்த்து. இவர் புத்தகம் எந்த கேமுக்கு வால்? அலமாரி பதில் சொல்லட்டும்.

பழைய அலமாரி

என் வரியை முழுதாக எடுத்துப் போட்டதற்கு நன்றி. அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

நான் பேசியது விட்சர். நீங்கள் மெட்ரோவுக்குத் தாவிவிட்டீர்கள். சரி, கேளுங்கள். ஆன்ட்ரெஜ் சப்கோவ்ஸ்கியின் முதல் விட்சர் சிறுகதை 1986-ல் போலந்தின் ஃபன்டாஸ்டிகா இதழில் வந்தது. அந்த இதழின் போட்டியில் மூன்றாம் பரிசு. 1994 முதல் 1999 வரை ஐந்து நாவல்கள். கேம் வருவதற்கு முன்பே செக், ரஷ்யன், ஸ்பானிஷ் வாசகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். கேம் வந்தது 2007-ல். முதல் சிறுகதைத் தொகுப்பு ஆங்கிலத்துக்கு வந்ததும் அதே ஆண்டு. அப்புறம் ஆங்கிலப் பதிப்புகளின் அட்டையில் என்ன போட்டார்கள்? கேமின் ஓவியத்தை.

நான் அந்தத் தொகுப்பை முதலில் பார்த்தது ஒரு பழைய புத்தகக் கடையில். கதைப் புத்தகங்களோடு இல்லை, கேம் வழிகாட்டிப் புத்தகங்களுக்கு நடுவில் செருகியிருந்தார்கள். நரைத்த முடி, கையில் வாள், கேமைச் சொல்லும் ஒரு வரி. கடைப் பையன் சொன்னான்: “அது கேம் புக் சார், படிக்க ஒண்ணும் இருக்காது.” கேமுக்கு இருபது வருடம் முன்னால் எழுதத் தொடங்கிய கதைக்கு இந்தக் கதி. அட்டையைப் பாருங்கள். என் வாதம் முழுவதும் அந்த அட்டையில் இருக்கிறது.

சுரங்கப்பாதை

அட்டையைத் தேர்ந்தெடுத்தது பதிப்பகம். கேம் செய்தவர்கள் கடைக்கு வந்து ஒட்டிவிட்டுப் போகவில்லை. பதிப்பகம் ஏன் அந்தப் படத்தைப் போட்டது? கேமைத் தெரிந்தவன் வாங்குவான் என்று அதற்குத் தெரியும். அதாவது கேம் வாசகனைக் கொண்டுவருகிறது என்பதற்கு உங்கள் அட்டையே சாட்சி. என் வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள்.

பழைய அலமாரி

வாங்குகிறவன் வேறு, வாசகன் வேறு. மாயப்புனைவைத் தேடிப் படிக்கிறவன் அந்த அட்டையைப் பார்த்து, கேமிலிருந்து பெயர்த்து எழுதிய சரக்கு என்று ஒதுக்கிவிட்டான். இதை நான் சொல்லவில்லை, சப்கோவ்ஸ்கியே பேட்டிகளில் புலம்பியிருக்கிறார். எழுதியவரை விட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

நெல்லை வாசகன்

ஒரு சந்தேகம். பதிப்பகத் துணையில்லாத எழுத்தாளர் என்றுதானே பேச்சு தொடங்கியது? சப்கோவ்ஸ்கிக்குத் தொடக்கத்திலிருந்தே பதிப்பகம் இருந்தது. மெட்ரோவோ அணு யுத்தத்துக்குப் பிந்தைய மாஸ்கோவின் சுரங்க ரயில் பாதைகளில் நடக்கிற கதை, அதை மாயப்புனைவு என்பதா, அறிவியல் புனைவு என்பதா? முதலில் இதை முடிவு செய்துகொண்டால் நல்லது.

சுரங்கப்பாதை

“எழுதியவரை விட உங்களுக்கு அதிகம் தெரியுமா” என்று கேட்கிறார் அலமாரி. இன்னொரு எழுதியவரைக் கூப்பிடுகிறேன். 2017-ல் குளுகோவ்ஸ்கி வெளிப்படையாகவே சொன்னார், சப்கோவ்ஸ்கி சொல்வது முழுத் தவறு என்று. கேம்கள் இல்லாமல் விட்சருக்கு உலகம் முழுக்க இத்தனை வாசகர் கிடைத்திருக்க மாட்டார்கள் என்றார். மெட்ரோவிலும் அதுதான் நடந்தது என்று தன் அனுபவத்திலிருந்து சொன்னார். அவரும் எழுதுகிறவர்தானே?

சப்கோவ்ஸ்கியின் கோபம் அட்டையில் தொடங்கியது என்று நான் நம்பவில்லை. விட்சர் கேமைச் செய்த சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் லாபத்தில் பங்கு தருகிறோம் என்றது. லாபமே வராது, முழுத் தொகையையும் இப்போதே கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அது முட்டாள்தனம் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 2018-ல் 6 கோடி ஸ்வோட்டி (போலந்துப் பணம்) கேட்டு வக்கீல் கடிதம் போனது. 2019 டிசம்பரில் புது ஒப்பந்தம் போட்டுச் சமாதானமானார்கள். பங்கை விட்ட வலியைத்தான் வாசகர் கணக்கில் எழுதுகிறார்.

கட்டைவிரல்

அண்ணன்மார் இருவருக்கும் வணக்கம். வாங்குகிறவன் வேறு, வாசகன் வேறு என்று எழுதியதைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. நான் அந்த “வாங்குகிறவன்”. 2015-ல் மூன்றாவது விட்சர் கேம் ஆடி முடித்த கையோடு முதல் தொகுப்பை வாங்கினேன். இன்று அந்த வரிசையில் எட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது, எட்டையும் படித்திருக்கிறேன். சிலவற்றை இரண்டு தடவை.

மெட்ரோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த உலகத்தில் காசு கிடையாது, துப்பாக்கித் தோட்டாதான் காசு. நாவலில் படிக்கும்போது அது ஒரு நல்ல கற்பனை, அவ்வளவுதான். கேமில் பழைய நல்ல தோட்டாக்கள் தனியாக இருக்கும். அவற்றைக் கொடுத்துப் பொருள் வாங்கலாம், அல்லது எதிரியைச் சுடலாம். இருட்டுச் சுரங்கத்தில் மற்ற குண்டெல்லாம் தீர்ந்து, ஏதோ ஒன்று உறுமிக்கொண்டு ஓடி வரும்போது அந்த நல்ல தோட்டாவை எடுத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவை விசையை அழுத்தும்போதும் என் பணத்தை நானே சுட்டுக்கொண்டிருந்தேன். முகமூடிக் கண்ணாடியில் தெறித்த ரத்தத்தை ஒரு கையால் துடைத்துக்கொண்டு ஓடினேன். அன்று ராத்திரியே நாவலைத் தேடினேன். எழுத்தாளர் யோசித்ததை இதைவிட நன்றாக எந்த விளம்பரம் சொல்லும்?

பழைய அலமாரி

தம்பி, நீங்கள் எட்டும் படித்தது சந்தோஷம். ஆனால் நீங்கள் ஒருவர். நூறு பேர் அந்த அட்டையைப் பார்த்து ஒதுங்கியது யார் கணக்கிலும் வராது, ஒதுங்கியவன் இங்கே வந்து எழுதப்போவதில்லை. அட்டை, அட்டை, அட்டை. இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

அப்புறம் சுரங்கப்பாதைக்கு ஒரு கேள்வி. இலவசமாக இணையத்தில் போட்டார் என்று குளுகோவ்ஸ்கியைப் புகழ்கிறீர்களே, போன வருடம் பிடிஎஃப் இழையில் “இலவசம் எழுத்தாளனைக் கொல்லும்” என்று என்னோடு மல்லுக்கு நின்றது யார்?

சுரங்கப்பாதை

அந்த இழையை இங்கே இழுக்க வேண்டிய அவசியம் என்ன? சரி, இழுத்துவிட்டீர்கள். எழுதியவன் தன் பொருளைத் தானே எடுத்துக் கொடுப்பது தானம். அடுத்தவன் நகலெடுத்துச் சுற்றுக்கு விடுவது திருட்டு. இந்த வித்தியாசத்தை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அன்று நீங்கள் பாதியில் எழுந்து போனீர்கள், அதனால் மறந்திருக்கும்.

பழைய அலமாரி

பாதியில் போகவில்லை. என் தாயாருக்கு உடம்பு சரியில்லை. அதை அன்றே எழுதியிருந்தேன்.

சுரங்கப்பாதை

அது நான் பார்க்காதது. வருத்தம். ஆனால் வாதம் மாறவில்லை.

தூரிகை

மூன்று நாளாக அட்டை அட்டை என்று எழுதுகிறீர்கள். அந்த அட்டையை வரைந்தவர் பற்றி ஒருவருக்கும் ஒரு வார்த்தை இல்லை. அட்டை என்ன, தானாக முளைத்ததா?

அமெரிக்க மாயப்புனைவு எழுத்தாளர் கிறிஸ்டோபர் பாவோலினி பெயர் உங்களுக்குத் தெரியும். அவருடைய எரகான் நாவலைப் பெரிய பதிப்பகம் எடுப்பதற்கு முன் அவர் பெற்றோரே சொந்தமாக அச்சிட்டார்கள். முதல் பதிப்பின் அட்டையில் டிராகனின் கண்ணை வரைந்தது பாவோலினியே. உள்ளே இருந்த வரைபடமும் அவர் கைதான். பழங்கால உடை போட்டுக்கொண்டு பள்ளி பள்ளியாக, நூலகம் நூலகமாகப் போய்ப் பேசினார், நூற்று முப்பது தடவைக்கும் மேல். 2003-ல் நாஃப் பதிப்பகம் எடுத்ததும் அந்தக் கண் போனது, ஜான் ஜூட் பாலென்காரின் நீல டிராகன் வந்தது. எனக்கு பாலென்கார் பிடிக்கும், மிகப் பெரிய கலைஞர். ஆனாலும் அந்தப் பையன் வரைந்த கண்தான் புத்தகத்தை முதலில் விற்றது.

இது எனக்கு ஏன் சுடுகிறது என்றும் சொல்கிறேன். சொந்தமாக வெளியிட்ட ஒரு மாயப்புனைவு நாவலுக்கு நான் அட்டை வரைந்தேன். யார் என்று சொல்ல மாட்டேன். ஒரு யாளி, அதன் பிடரியில் ஒவ்வொரு சுருளையும் தனித்தனியாக வரைந்தேன், பதினோரு இரவு. ஒரு தொகை பேசினோம், பாதி வந்தது. ஆறு மாதம் கழித்து அதே யாளி ஒரு செல்போன் கேம் விளம்பரத்தில் வந்தது, புத்தகத்தை விற்பதற்காம். என்னைக் கேட்கவில்லை. என் பெயர் எங்கேயும் இல்லை. எழுத்தாளருக்கு விளம்பரம், கேம்காரருக்குப் படம். எனக்கு?

கட்டைவிரல்

அக்கா, இது அநியாயம். கேட்டு எழுதினீர்களா?

தூரிகை

எழுதினேன். “உங்களுக்கும் விளம்பரம்தானே” என்று பதில் வந்தது.

சுரங்கப்பாதை

தூரிகை, உங்களுக்கு நடந்தது மோசடி, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஒரு ஆள் ஏமாற்றினார் என்பதற்காக முறையே தப்பு என்று ஆகாது. நீங்கள் சொன்ன பாவோலினியே என் பக்கத்துச் சாட்சி. தானே வரைந்து, தானே வேஷம் போட்டு, தானே விற்றார். புத்தகம் வால் ஆகவில்லையே.

மெட்ரோவையும் முடிக்க விடுங்கள். முதல் கேமுக்குப் பிறகு குளுகோவ்ஸ்கி ஒதுங்கி உட்காரவில்லை. இரண்டாவது கேமின் கதையில் அவர் கை இருக்கிறது. 2015-ல் மெட்ரோ 2035 எழுதினார். 2019-ல் வந்த மெட்ரோ எக்ஸோடஸ் கேம் அந்த நாவலுக்குப் பின்னால் தொடர்கிறது. அவருடைய உலகத்துக்குள் மற்ற எழுத்தாளர்களும் நாவல் எழுத ஒரு வரிசையையே திறந்துவிட்டார். கேம் நாவலுக்கு, நாவல் கேமுக்கு என்று மாறி மாறிக் கை கொடுத்தன. கதவை அவரே திறந்து வைத்தார், அதனால் உள்ளே வந்தவர்கள் விருந்தாளிகள். சப்கோவ்ஸ்கி கதவைப் பூட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக வந்தவர்களைத் திட்டுகிறார்.

பழைய அலமாரி

கதவு, ஜன்னல், விருந்தாளி. நன்றாக எழுதுகிறீர்கள். என் கேள்வி அட்டை.

உங்கள் மெட்ரோவையே எடுக்கிறேன். ஆங்கில மொழிபெயர்ப்பு எப்போது வந்தது? 2010. கேம் எப்போது? 2010. ஆங்கில வாசகனைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றாகத்தான் வந்து இறங்கின. இணையத்தில் வந்து எட்டு வருடம், அச்சில் வந்து ஐந்து வருடம். கேம் வருகிற வரைக்கும் ஆங்கிலம் அந்த நாவலைக் காத்திருக்க வைத்தது. இதைத்தான் வால் என்கிறேன். நாய் போகிற இடத்துக்குத்தான் வால் போகும்.

சுரங்கப்பாதை

2005-ல் ரஷ்யாவில் அச்சு. 2007-ல் ஐரோப்பிய அறிவியல் புனைவு மாநாடான யூரோகானில் ஊக்கப் பரிசு. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் கேமுக்கு முன்பே வந்துவிட்டது. ஆங்கிலம் மட்டுமா உலகம்? உங்கள் சப்கோவ்ஸ்கி செக்கில், ஸ்பானிஷில் முன்பே வந்தார் என்று நீங்கள்தான் பெருமையாக எழுதினீர்கள். அவருக்கு அது பெருமை, குளுகோவ்ஸ்கிக்கு மட்டும் ஆங்கிலக் கணக்கா?

மொழிப்பித்தன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். “ஆன்ட்ரெஜ்” என்பது தவறு. போலிஷ் உச்சரிப்பில் “ஆன்ஜெய்”.

பழைய அலமாரி

இருபது வருடமாகப் படிக்கிறேன், அப்படியே எழுதி வருகிறேன்.

மொழிப்பித்தன்

இருபது வருடமாகத் தவறு, அவ்வளவுதான்.

பழைய அலமாரி

தஸ்தயெவ்ஸ்கி என்பதைத் தமிழில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று போய் எண்ணிவிட்டு வாருங்கள்.

நெல்லை வாசகன்

என் கேள்வி அப்படியே நிற்கிறது. பதிப்பகத் துணையில்லாத எழுத்தாளர் என்றால் யார்?

சுரங்கப்பாதை

அலமாரி, என் கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லை. பெயரை எப்படிச் சொல்வது என்று பேச நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை. மூன்றாவது விட்சர் கேம் 5 கோடிக்கும் மேல் விற்றதாக நிறுவனம் 2023-ல் அறிவித்தது. அதில் நூற்றில் ஒருவர் முதல் தொகுப்பைத் திறந்திருந்தாலும் ஐந்து லட்சம் பேர். போலந்திலிருந்து வருகிற ஒரு மாயப்புனைவு எழுத்தாளருக்கு ஐந்து லட்சம் பேரை வேறு யார் கூட்டி வருவார்கள்?

பழைய அலமாரி

“நூற்றில் ஒருவர்” எங்கிருந்து வந்தது? நீங்களே போட்டுக்கொண்ட கணக்கு. 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்த பிறகுதான் முதல் தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. கேம் வந்து பன்னிரண்டு வருடம் கழித்து. கேம் அத்தனை வாசகரைக் கொண்டுவந்திருந்தால் அது 2015-லேயே நடந்திருக்க வேண்டும்.

கட்டைவிரல்

அண்ணா, அந்தத் தொடரைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் கேம் ஆடியவர்கள்? நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

பழைய அலமாரி

மறுபடியும் நீங்கள் ஒருவர்.

தூரிகை

விட்சர் அட்டையில் இருந்த அந்தக் கேம் ஓவியத்தை வரைந்தவர் பெயர் யாருக்காவது தெரியுமா? இத்தனை பேர் சண்டை போடுகிறீர்களே, ஒருவராவது பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

பழைய அலமாரி

என் பிரதி ஊரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். முன்னட்டை, பின்னட்டை இரண்டையும் படம் எடுத்துப் போடுகிறேன். அதைப் பார்த்த பிறகு சுரங்கப்பாதை பேசட்டும்.

சுரங்கப்பாதை

போடுங்கள். பின்னட்டையில் என்ன இருந்தாலும், அந்தப் புத்தகத்தை உங்கள் கையில் கொண்டுவந்து சேர்த்தது எது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கேம் வழிகாட்டிகளுக்கு நடுவில்தானே கண்டெடுத்தீர்கள்?

பழைய அலமாரி

அங்கே இருந்ததுதான் தப்பு என்று முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.