புதுப்பிப்பு: 60-க்கு மேல் ஹேண்டில் ஆட்டம் – ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்தான் காரணம்

பழவேற்காடு மணலில் ஓட்டிவிட்டு வந்ததிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலையில் 60-ஐத் தாண்டினாலே என் 200 சிசி டூயல் ஸ்போர்ட் (ரோட்டிலும் மண்ணிலும் ஓட்டும்) பைக்கின் ஹேண்டில் ஆடுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் டயர் காற்று. மணலுக்காக 15 பிஎஸ்ஐக்கு இறக்கியிருந்ததை 25 ஆக்கினேன். ஆட்டம் குறைந்தது, போகவில்லை. வீல் அலைன்மென்ட் சரியாகவே இருந்தது.

கோன் செட்டைப் பார்க்கச் சொன்னவர் சொன்னதுதான் சரி. எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெல்லத் திருப்பினேன். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று உட்கார்ந்தது. தண்டையார்பேட்டை மெக்கானிக் கழற்றிக் காட்டினார்: கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துரு, பேரிங் குண்டுகள் உருளும் வளையத்தில் (ரேஸ்) அவை பதிந்த குழிகள். குழி விழுந்த பிறகு இறுக்கிப் பயனில்லை, செட்டாக மாற்ற வேண்டியதுதான். உப்பு போகட்டும் என்று அந்த இடத்திலேயே பிரஷர் வாட்டர் அடித்தது நான்தான், வேறு யாரைச் சொல்ல?

எதிர்பாராதது ஒன்று: முன்சக்கரத்தில் நான்கு ஸ்போக் தளர்ந்திருந்தன. ஸ்பேனரால் தட்டினால் 'டிங்' என்று வர வேண்டியது 'டொக்' என்றது. அதையும் இறுக்கி, ரிம் கோணாமல் சுற்றுகிறதா என்று பார்த்தாயிற்று.

இப்போது 80 வரை ஆட்டமில்லை. கன்டெய்னர் லாரி பக்கத்தில் போனால் மட்டும் வண்டி அசைகிறது, அது காற்று. புது கோன் செட் படிந்ததும் கொஞ்சம் தளரும் என்பதால் 500 கிலோமீட்டரில் மறுபடி இறுக்கப் போகிறேன்.