அலுமினிய ஃப்ரேமில் விரிசல்: மாற்று ஃப்ரேமும் ஃபோர்க்கும் எதில் எடுப்பது?

கோத்தகிரி மிதி:
வணக்கம். பத்து வருஷம் ஓடிய அலுமினிய ரோடு பைக். டவுன் டியூப் (முன்னாலிருந்து கீழே சாயும் குழாய்) பாட்டம் பிராக்கெட்டோடு (பெடல் அச்சு சுழலும் இடம்) சேரும் வெல்டை ஒட்டி, பெயின்ட்டில் முடி கிடப்பது போல 2 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு. துடைத்தால் மறைகிறது, ஒரு ரைடு போய் வந்தால் அதே இடத்தில் கறுத்து நிற்கிறது. வெல்ட் வைத்து ஓட்டலாமா, ஃப்ரேமையே மாற்றணுமா? மாற்றினால் ஸ்டீல், அலுமினியம், கார்பன், எது? ரிம் பிரேக், 10 ஸ்பீடு. வீலும் கியர் செட்டும் நன்றாக இருப்பதால் அப்படியே மாட்ட வேண்டும். ஃபோர்க் (முன் வீலைப் பிடிக்கும் கவை) கார்பன் கால், அலுமினிய ஸ்டீரர் (ஹெட் டியூபுக்குள் ஏறும் மேல் குழாய்). வாரம் இரண்டு தடவை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுவது, மழையிலும்தான். எடை 74 கிலோ.

குன்னூர் ஸ்பேனர்:
முதலில் வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்க ப்ரோ. துடைத்த பிறகும் அதே கோடு கறுத்துத் திரும்பினால் அது பெயின்ட் கீறல் இல்லை, விரிசல் வாய் திறந்து மூடும்போது அழுக்கை இழுக்கிறது. வெல்ட் வேண்டாம். 6061 அலுமினியத்தில் வெல்ட் சூடு பட்ட இடம் ஏறக்குறைய பாதிப் பலத்தை இழந்துவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர முழு ஃப்ரேமையும் 530 டிகிரி வரை சூடேற்றி, குளிர்வித்து, மறுபடி மணிக்கணக்கில் சூட்டில் வைக்க வேண்டும். செய்தாலும் ஃப்ரேம் கோணும். செலவுக்கு அர்த்தமே இல்லை.

பொருளை முடிவு செய்வதற்கு முன்னால் அளவுகளை எடுங்க. உங்கள் பின் வீல் ஹப் 130 மி.மீ. இப்போது கடையில் கிடைக்கும் அலுமினிய, கார்பன் ஃப்ரேம்களில் பெரும்பாலானவை டிஸ்க், 142 மி.மீ. த்ரூ ஆக்ஸில் (ஊடே செருகி முறுக்கும் அச்சு). அதில் உங்கள் வீல் ஏறாது. பழைய சாமான் எல்லாம் உட்கார வேண்டுமென்றால் 130 மி.மீ. க்ரோமோலி (க்ரோமியம், மாலிப்டினம் கலந்த) ஸ்டீல் ஃப்ரேம்தான் நேரான வழி. வெறும் 'ஸ்டீல்' என்று சொல்லி ஹைடென் (கனமான மலிவு ஸ்டீல்) ஃப்ரேமைத் தலையில் கட்டிவிடுவார்கள். 4130 (க்ரோமோலி ரக எண்) என்று எழுதியிருக்கிறதா பாருங்க.

எடை பற்றிக் கவலைப்படாதீங்க. அலுமினியத்தைவிட அரை கிலோ, முக்கால் கிலோ கூடும். ஒரு கிலோவே கூடினாலும், உங்களையும் சேர்த்து 84 கிலோவில் அது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டரை மணி நேர ஏற்றத்தில் ஒன்றரை நிமிஷம் போகும். அதற்குப் பதிலாக, கல் பட்டு நசுங்கினாலும் எந்த இடத்தில் என்ன ஆனது என்று கண்ணுக்குத் தெரிகிற ஃப்ரேம் கிடைக்கிறது, ஃப்ரேம் டியூப் விரிசல் விட்டால் பிரேஸ் (பித்தளைப் பற்று) வைத்துச் சரிசெய்யலாம்.

கேத்தி காற்று:
ஃப்ரேம் சரி, ஆனால் இந்த இறக்கத்தில் உயிர் தொங்குவது ஃபோர்க்கில். பழைய ஃபோர்க்கை மாட்ட நினைத்தால் ஒன்றைக் கவனியுங்க. உங்கள் ஃப்ரேமில் பேரிங் ஹெட் டியூபுக்குள் மறைந்திருக்கும். ஸ்டீல் ஃப்ரேமில் கப் வெளியே நிற்கும், மேலும் கீழுமாக 20 மி.மீ.க்கு மேல் ஸ்டீரரைத் தின்றுவிடும். ஏற்கெனவே வெட்டிய ஸ்டீரர் எட்டாது. பத்து வருஷம் ஓடிய அலுமினிய ஸ்டீரரை எட்டினாலும் மாட்டக் கூடாது.

புதிதாக எடுப்பது 1⅛ இன்ச் நேர் ஸ்டீரர், க்ரவுன் ரேஸ் (கால்கள் ஸ்டீரரோடு சேரும் க்ரவுனில் உட்காரும் பேரிங் வளையம்) 30 மி.மீ. ஆக்ஸில் மையத்திலிருந்து க்ரவுன் வரை உயரம் ஷார்ட் ரீச் (பிரேக் போல்ட்டிலிருந்து ஷூ வரை தூரம் குறைந்த) ஃபோர்க்கில் 370 மி.மீ.யை ஒட்டி இருக்கும். ஃப்ரேம் எதற்கு வரைந்ததோ அதைவிட 10 மி.மீ. கூடினால் ஹெட் ஆங்கிள் அரை டிகிரி சாயும், ஹேர்பின்னில் வண்டி திரும்ப யோசிக்கும். மழைக்கு மட்கார்டு போடுவீர்கள் என்றால் ஃப்ரேம், ஃபோர்க் இரண்டுமே 47–57 மி.மீ. (மீடியம்) ரீச் பிரேக்குக்கானதாக வாங்குங்க. ஒன்று ஷார்ட், ஒன்று மீடியம் என்று வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய.

கார்பனா ஸ்டீலா என்றால், புதுசாக இருந்தால் கார்பன், அரை கிலோ குறையும். பழைய கார்பன் ஃபோர்க் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். க்ரவுனுக்குள் ஸ்டீரர் சேரும் இடத்தில் உள்ளே இழை விட்டிருந்தால் வெளியே ஒன்றுமே தெரியாது, ஒடியும்போதுதான் தெரியும். கார்பன் ஸ்டீரரில் ஸ்டார் நட் (உள்ளே அடித்து இறக்கும் பல் நட்) அடிக்கவே கூடாது, எக்ஸ்பேண்டர் பிளக் (உள்ளே விரிந்து பிடிக்கும் அடைப்பு)தான். ஸ்டீரரை வெட்ட இன்ச்சுக்கு 32 பல் ஹேக்ஸா பிளேடு, வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, தூசிக்கு மாஸ்க் போட்டு. ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஸ்டீரரோடு இணைக்கும் துண்டு) போல்ட் 5 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் முறுக்க வேண்டாம்.

லவ்டேல் டிஸ்க்:
ஒரு மாற்றுக் கருத்து. அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழை கோத்தகிரிப் பக்கம்தான் அதிகம் கொட்டும். அந்த ஈரத்தில் ரோட்டு மண் பிரேக் ஷூவில் ஒட்டி ரிம்மை அரம் போல ராவுகிறது. புதுச் செலவு செய்வதற்கு முன் ஒரு ஸ்கேலை ரிம் பக்கச்சுவரில் வைத்துப் பாருங்க. நடுவில் குழி விழுந்து வெளிச்சம் தெரிந்தால், வீலும் சீக்கிரம் போகப் போகிறது. அப்படியானால் கேபிள் டிஸ்க்குக்கு மாறுவதே நல்லது, இப்போதுள்ள லீவரே வேலை செய்யும். ரிம் தட்டையாக இருந்தால் மேலே சொன்னபடியே செய்யுங்க.

ஸ்டீல் எடுத்தால் துரு உள்ளிருந்துதான் வரும். சீட்போஸ்ட் வழியாக இறங்கும் தண்ணீர் பாட்டம் பிராக்கெட்டில் தேங்கும். அடியில் உள்ள ஓட்டையில் காவி நிறத்தில் சொட்டினால் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மாட்டுவதற்கு முன் டியூபுகளுக்குள் ஆளி விதை எண்ணெய் ஊற்றி, ஃப்ரேமை எல்லாப் பக்கமும் உருட்டி, மிச்சத்தை வடித்து, இரண்டு மூன்று நாள் காயவிடுங்க. அலுமினிய சீட்போஸ்ட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உருவி கிரீஸ் போடாவிட்டால் ஸ்டீலோடு பிடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்கணும்.

கோத்தகிரி மிதி:
நன்றி. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், ரிம் தட்டையாகவே இருக்கிறது. சீட்போஸ்ட் 27.2, பாட்டம் பிராக்கெட் மரை வைத்தது, 68 மி.மீ. முன் டிரெயிலியர் (முன் பல்சக்கரங்களில் செயினை மாற்றும் கியர் கருவி) கிளாம்ப் 31.8 மி.மீ. இது ஸ்டீலில் பிடிக்குமா?

குன்னூர் ஸ்பேனர்:
ஸ்டீல் சீட் டியூப் வழக்கமாக 28.6 மி.மீ. 31.8 கிளாம்ப்புக்குள் வைக்கும் ஷிம் (இடைவெளி நிரப்பும் வளையம்) தனியாகக் கிடைக்கும், டிரெயிலியர் மாற்ற வேண்டாம். பாட்டம் பிராக்கெட் மரைக்குள் பெயின்ட் இருந்தால் மரை வெட்டும் டேப் (tap) கருவியை ஓட்டிய பிறகே கப்பை ஏற்றுங்க. செயின் பக்கக் கப் இடது மரை, தலைகீழாகச் சுற்றணும். முதல் மூன்று சுற்று கையாலேயே ஏற வேண்டும்.