கெட்ட சாப்பாடும் கைவைத்தியமும்: உங்கள் அனுபவம்

தாமிரபரணிக்காரி:
நிச்சயதார்த்த வீட்டுச் சாப்பாடு. விடிவதற்குள் அத்தைக்கு வாந்தி, பேதி. பாட்டி மாதுளைத் தோலைத் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்ததில் பேதி நின்றது. வீடே நிம்மதியானது. அத்தையின் புறங்கையைக் கிள்ளிப் பார்த்தேன். கிள்ளிய தோல் மடிந்தபடியே நின்றது, இறங்கவில்லை. சலைன் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தார். பேதிதான் நின்றுவிட்டதே, பிறகு ஏன் அப்படி?

மருந்துக்கடை மகன்:
பேதி நின்றால் போன நீர் திரும்பி வந்துவிடுமா? கஷாயத்தைக் குறை சொல்லாதீர்கள், கொடுத்த நேரம்தான் தவறு. அப்பா நாட்டு மருந்துக்கடை வைத்திருந்தார். பேதியைக் கட்டும் ஆயுர்வேத மருந்தான குடஜாரிஷ்டம் கேட்டு வருபவரிடம், “எப்போது தொடங்கியது?” என்பார். நேற்று இரவுதான் என்றால் பாட்டிலை எடுக்கவே மாட்டார். சுக்கு வெந்நீரும் கஞ்சியும் சொல்லி அனுப்புவார். ஆமம், அதாவது செரிக்காத கழிவு, வயிற்றில் இருக்கும்போது பேதியைக் கட்டக் கூடாது என்பது பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையிலேயே இருக்கிறது. ஒருவர் கோபத்தில் பணத்தை மேசையில் வீசினார். அப்பா அதைப் பொறுக்கி அவர் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டார். அப்பாவின் அந்தக் கை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

கரிசல் டீச்சர்:
விடுதிப் பிள்ளைகள் சுருண்டு விழுந்த இரவில் சமையல்கார அம்மா ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். என் கதை அவ்வளவுதான். ஆனால் மருந்துக்கடை மகனுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சுக்கு குமட்டலைத் தணிக்கலாம். உள்ளே போன நச்சை முறிக்காது. வெளியில் கிடந்த சோற்றில் ஊறும் சில நச்சுகள் மறுபடி கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. முதலில் ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல். பொட்டலம் இல்லையா? காய்ச்சி ஆறிய நீர் 1 லிட்டர், சர்க்கரை தலைதட்டி 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். 1971இல் வங்க அகதிகள் முகாமில் காலரா பரவிச் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹாலநோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைத்தான் கொடுத்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. மலத்தில் இரத்தம், சிறுநீர் கழியாமை, மயக்கம் என்றால் எந்தக் கஷாயத்துக்கும் காத்திருக்காதீர்கள்.

இளந்தாய்:
எல்லோரும் பெரியவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். பயணத்தில் புட்டிப்பால் கெட்டு என் கைக்குழந்தை வாந்தியெடுத்தபோது, மாமியார் பிள்ளை வளர்ப்பானைச் சுட்டு உரைத்துச் சங்கில் கொண்டுவந்தார். அந்த வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்கா 1968இலேயே தடை விதித்ததைப் படித்திருந்தேன். சங்கின் வாயைக் கையால் மூடிவிட்டேன். டாக்டர் சொன்னபடி ஓஆர்எஸ்ஸும் தாய்ப்பாலும் கொடுத்தேன், குழந்தை தேறிவிட்டது. மாமியார் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது? உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் எழுதுங்கள்.